எண் இல்லாத கல்

கால்வே,
11 அக்டோபர் 1981

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேனா என்று கேட்டு நீ அஞ்சலட்டை போடுவதற்குள் நானே எழுதிவிட்டேன். சளி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன், கால்வேயில் மழை நம் ஊர் மழையைவிடக் கொஞ்சம் நாகரிகமாகப் பெய்கிறது. அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? கறுப்பி கன்று போட்டாளா?

நேற்று பழைய ஐரிஷ் வகுப்பில் ஒரு வேடிக்கை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய துறவி ஒருவர் லத்தீன் புத்தகத்தின் ஓரத்தில் கிறுக்கி வைத்த வரியைப் பிரித்துப் படித்தோம். பாவம், கை விறைக்கிறது என்று புலம்பியிருக்கிறார். குளிர் என்பதற்கு அவர் எழுதிய சொல்லுக்கு எல்லாரும் அகராதியைப் புரட்டினார்கள். எனக்கு எதற்கு அகராதி? அப்பா கதவைச் சாத்தச் சொல்லித் தினமும் கத்துகிற சொல்தானே அது!

இப்போது காரியத்துக்கு வருகிறேன். முதுகலைக்கு ஓர் அகழாய்வு செய்து தரவேண்டும். நம் மேட்டு வயலில் இருக்கும் வட்டக்கரையைத் தோண்டலாம் என்று நினைக்கிறேன். பேராசிரியர் ஹெஷனிடம் சொன்னேன். ஆள் உயர மண்கரை, ஒரு பக்கம்கூட உடையவில்லை, உள்ளே யாரும் மண்வெட்டி வைத்ததே இல்லை என்றதும் அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அந்தக் காலத்தில் யாரோ ஒரு குடும்பம் மாடும் கன்றுமாகக் குடியிருந்த இடம். நான் பிறந்ததிலிருந்து அதன் மேல் ஏறக்கூடாது என்று வளர்த்தீர்கள். இப்போது முறையாக அரசாங்க உரிமம் வாங்கிக்கொண்டே ஏறப்போகிறேன்.

நில உரிமையாளர் கையெழுத்து வேண்டும். அப்பாவிடம் நீதான் சொல்லவேண்டும். கூடப் படிக்கும் ஃபர்கலுக்குத் தோண்ட ஒரு பழைய அடுப்புக்குழி கிடைத்துவிட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அன்பு மகள்,
ஊனா


கில்ஷாலி, மேயோ,
2 நவம்பர் 1981

அன்பு மகள் ஊனாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத நேரமில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், ஆனாலும் அதைத்தான் சொல்லப்போகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். கறுப்பி கிடாரிக்கன்று போட்டாள். அடுப்புக்கு வெட்டி அடுக்கிய கரிமண் கட்டியெல்லாம் மழையில் ஊறி, எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். அப்பா அதனால்தான் இருமுகிறார் என்று சொல்லிக்கொள்கிறார்.

துறவி கதையைப் படித்துக் காட்டினேன். "ஆயிரம் வருஷத்துப் பேச்சுன்னா அது என் பேச்சுதானே. என்கிட்ட கேட்டிருந்தா சும்மாவே சொல்லிக் குடுத்திருப்பேனே, அதுக்கு ஏன் பஸ் ஏறிப் போனா?" என்று சிரித்தார்.

இன்று சகல ஆத்துமாக்கள் திருநாள். பூசையில் சாமியார் ஊரில் இறந்துபோன எல்லார் பெயரையும் வாசித்தார். எல்லார் என்றா எழுதினேன்? எழுதிக் கொடுத்த பெயர்களை வாசித்தார். பூசை முடிந்து அப்பா நேராக வீட்டுக்கு வரவில்லை. மேட்டு வயல் வேலியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். வேலி போன மாதம்தான் போட்டது.

நீ கேட்ட விஷயம் சரிப்படாது. அந்த இடத்தில் ஆள் இறங்குவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அயர்லாந்து முழுக்க வேறு வட்டக்கரையா இல்லை? ஒன்றைப் பார்த்துக்கொள், மகளே. கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொள், அலங்காரத்துக்கு மேலே போடாதே.

உன் அம்மா,
ஹானோரா


கால்வே,
9 நவம்பர் 1981

அன்புள்ள அம்மா,

கம்பளி உள்ளேதான் இருக்கிறது. உடம்பு நலம், மனசுதான் கொதிக்கிறது.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? கரையைத் தொட்டால் மண்ணுக்குள் இருக்கிற "நல்லவங்க" கோபித்துக்கொண்டு மாட்டுக்கு மடிநோய் வரவைப்பார்கள் என்றா? டிராக்டரைத் தானே பிரித்து மாட்டுகிற மனிதர், வானொலிச் செய்தி கேட்டு மந்திரிகளை ஏசுகிற மனிதர், குட்டித் தேவதைகளுக்குப் பயப்படுகிறார் என்று நான் வகுப்பில் போய்ச் சொல்லட்டுமா? கீழ்த்தெரு பாரெட் தன் வட்டக்கரையைப் புல்டோசர் விட்டுத் தரைமட்டமாக்கினார். அவருக்கு வந்த ஒரே கெடுதல், மாமியார் இன்னும் சாகவில்லை என்பதுதான்.

எனக்கு இது விளையாட்டு இல்லை, அம்மா. பிப்ரவரி முடிவுக்குள் விண்ணப்பம் போகாவிட்டால் இந்த வருஷம் வீண். ஊரில் எத்தனை பேர் என்னைப் பார்த்து, "பொட்டப்புள்ளைக்குக் குழி தோண்டப் படிப்பு ஒரு கேடா" என்றார்கள், உனக்கே தெரியும். அவர்கள் சொன்னது சரியாகப் போகட்டும் என்றா நீங்கள் இருவரும் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

நீ ஒரு வார்த்தை சொன்னால் அவர் தட்டமாட்டார். கன்றுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

ஊனா


கில்ஷாலி,
14 டிசம்பர் 1981

அன்பு மகளுக்கு,

சுகம்தானே? இங்கும் அப்படியே. கன்றுக்குப் பெயர் இன்னும் வைக்கவில்லை. உனக்குக் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறேன், ஒன்று சற்று நீளமாகிவிட்டது, வலது காலில் போடு.

கிறிஸ்துமஸுக்கு இருபத்திரண்டாம் தேதி பஸ்ஸில் வா, அப்பா நிறுத்தத்தில் நிற்பார். வந்த இடத்தில் அந்தப் பேச்சை எடுக்காதே. நல்ல நாளும் அதுவுமாக வேண்டாம்.

அம்மா


கால்வே,
10 ஜனவரி 1982

அன்புள்ள அம்மா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக்கொடுத்த சோடா ரொட்டி பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. அப்பா மருந்தைக் குடிக்கிறாரா, பூந்தொட்டிக்கு ஊற்றுகிறாரா?

நான் பேச்சை எடுத்ததும் நீ கோழியைப் பார்க்கிறேன் என்று எழுந்து போய்விட்டாய். கோழிகளை நான் அப்போதுதான் அடைத்துவிட்டு வந்திருந்தேன். அது போகட்டும், அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

"அங்க மண்ணைக் கிளறாதே, ஊனா" என்றார்.

"ஏம்ப்பா? காரணம் சொல்லுங்க, விட்டுடறேன்."

"நான் சொல்றேன்ல, அது போதும்."

"இது பேராசிரியர்கிட்ட எடுபடாதுப்பா. எழுதித்தான் குடுக்கணும்."

நெடுநேரம் புகைக்குழாயைச் சுத்தம் பண்ணிக்கொண்டே இருந்தார். குழாயில் சுத்தம் பண்ண ஒன்றுமில்லை. பிறகு, "அளந்துக்கோ. படம் போட்டுக்கோ. மண்வெட்டி மட்டும் உள்ளே போகக்கூடாது. அவ்வளவுதான் நான் குடுக்க முடியும்" என்றார். முகத்தைப் பார்த்தால் வயலை எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது.

பேராசிரியர் இதற்கே சந்தோஷப்பட்டார். மேற்பரப்பில் இருப்பதை ஒழுங்காக வரைந்து கொண்டுவா, ஏதாவது இருந்தால் அப்பாவிடம் திரும்பவும் கேட்கலாம் என்கிறார். மார்ச்சில், பாட்ரிக் திருநாள் வாரம் வருகிறேன். அதுவரை எப்படிப் பொறுக்கப்போகிறேனோ. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் கரைதான் தெரிகிறது.

ஊனா


கில்ஷாலி,
21 பிப்ரவரி 1982

அன்பு மகள் ஊனாவுக்கு,

நாங்கள் சுகம். நீ வரும் வாரம்தான் அப்பாவை நெஞ்சுப் படம் எடுக்கக் காசல்பார் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். உன் அத்தை வீட்டில் தங்குவோம். சாவி வழக்கமான இடத்தில். பசுக்களைப் பக்கத்து வீட்டு டெலியா பார்த்துக்கொள்வாள், நீ உன் வேலையைப் பார்.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். படம் போடுவது என்றால் எப்படி? கரையை மட்டும் வரைவீர்களா, உள்ளே கிடப்பதையுமா? கல் ஏதாவது கிடந்தால் எல்லாக் கல்லையும் வரைவாயா, சின்னக் கல்லையும்கூடவா? வரைந்த பிறகு பார்த்தால், எது எங்கே இருக்கிறது என்று வெளியாளுக்கும் புரியுமா?

சும்மாதான் கேட்கிறேன். எனக்கு உன் படிப்பில் ஒன்றும் தெரியாது என்று நீயே சொல்வாய்.

பெரணிச் செடிக்குள் ஈரம் இருக்கும். ரப்பர் பூட்ஸ் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

அம்மா


கால்வே,
28 மார்ச் 1982

அன்புள்ள அம்மா, அப்பா,

நெஞ்சுப் படத்தில் ஒன்றுமில்லை என்று அத்தை தொலைபேசியில் சொன்னார். மனசு நிம்மதியானது. நான் வேலை முடிந்து கிளம்பும்வரை நீங்கள் திரும்பாததால் நேரில் சொல்ல முடியவில்லை. கேளுங்கள்.

உள்ளே, முள்மரத்துக்குக் கீழே, பெரணியை வெட்டி ஒதுக்கினேன். தட்டையான சின்னக் கற்கள் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கின்றன, அம்மா! எந்த வரிசையிலும் கல்லுக்குக் கல் என் முழங்கை நீளத்துக்கு மேல் இடைவெளி இல்லை. தட்டைக்கல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெள்ளைக் கூழாங்கல். கடற்கரையிலிருந்து யாரோ சுமந்து வந்து வைத்திருக்கிறார்கள். என்ன சடங்கோ, யாருடைய கடவுளோ! வட்டக்கரையைவிடப் பழையதாகவே இருக்கலாம். ஃபர்கலின் அடுப்புக்குழியெல்லாம் இதன் முன்னால் தூசு.

மழையிலும் காற்றிலும் ஒவ்வொன்றாக அளந்து வரைந்தேன். நீ கேட்டாயே, ஆமாம், சின்னக் கல்லையும்தான். வெள்ளைக் கற்களுக்கு எண் போட்டு, மாவுப் பையில் கட்டி இங்கே கொண்டுவந்துவிட்டேன். கவலைப்படாதீர்கள் அப்பா, மண்வெட்டி படவில்லை, வாக்கு வாக்குதான். கழுவிக் காயவைத்திருக்கிறேன். ஒன்று என் ஜன்னலில் சர்க்கரைக் கட்டி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

ஓர் இடத்தில் மட்டும் வெள்ளைக் கல்லுக்குப் பதில் நீலப்பூ போட்ட பீங்கான் தட்டின் உடைசல் கிடந்தது. நம் வீட்டு அலமாரித் தட்டு மாதிரியே. அந்தத் தட்டு இல்லாத வீடு மேயோவில் எங்கே இருக்கிறது? எந்தக் காலத்திலோ யாரோ போட்ட குப்பை. எடுத்துக் கரைக்கு வெளியே பள்ளத்தில் வீசிவிட்டேன்.

கையெழுத்து விஷயத்தை அப்பா இன்னொருமுறை யோசிக்கவேண்டும். இப்போது காரணம் இருக்கிறது அல்லவா? பிப்ரவரியிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன், இதைப் பார்த்தால் கையெழுத்துக்குக் காத்திருப்பார்கள் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள்.

சந்தோஷத்தில் குதிக்கும் உங்கள்,
ஊனா


கால்வே,
2 மே 1982

அம்மா,

மார்ச் கடிதத்துக்குப் பதில் இல்லை. ஈஸ்டருக்கு அனுப்பிய அட்டைக்கும் பதில் இல்லை. பேராசிரியர் ஊரில் இல்லாததால் இத்தனை நாள் படத்தைக் காட்ட முடியவில்லை. வெள்ளிக்கிழமை காட்டினேன்.

பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "ஊனா, உங்க அப்பா அம்மா ரெண்டு பேருமே அந்த ஊர்க்காரங்களா?" என்று கேட்டார்.

"ஆமா. ஏன்?"

"அவங்க உன்கிட்ட ஒண்ணுமே சொன்னதில்லையா?"

பிறகு அவரே சொன்னார். ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தைகளைக் கோயில் கல்லறையில் சேர்க்கமாட்டார்கள் என்று. அவற்றைத் தகப்பன்மார் விடியுமுன் எடுத்துப்போய் இந்த மாதிரிப் பழைய கரைகளுக்குள் வைத்தார்கள் என்று. ஊர் அந்த இடத்தைப் பற்றிப் பேசாது, பிள்ளைகளை அண்டவிடாது, அதற்கு "நல்லவங்க" கதை தோதாக இருந்தது என்று. முழங்கை நீளம் என்று நான் எழுதினேனே, அம்மா. அது எதன் நீளம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பழைய மொழி ஒன்றுக்கு இரண்டாகப் படிக்கிறேன், என் வீட்டில் பேசாமல் இருந்ததைப் படிக்கத் தெரியவில்லை.

கற்களைக் கழுவிவிட்டேன். ஜன்னலில் இருந்ததை எடுத்துப் பையில் வைத்துவிட்டேன், அதைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அங்கே நம்முடையவர் யாராவது இருக்கிறார்களா? தயவுசெய்து பதில் எழுது. திட்டியாவது எழுது.

ஊனா


கில்ஷாலி,
9 மே 1982

ஊனாவுக்கு அப்பா எழுதுவது.

என் கையெழுத்தை நீ மாட்டுச் சந்தைச் சீட்டில்தான் பார்த்திருப்பாய். பொறுத்துக்கொள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு உன்மேல் கோபமில்லை, அதை முதலில் எழுதச் சொன்னாள்.

உனக்கு முன்னால் ஒரு பையன். கல்யாணமான அடுத்த பிப்ரவரி. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வலி வந்து, கையிலிருந்த தட்டு விழுந்து உடைந்தது. பையன் மூச்சில்லாமல் பிறந்தான். கல்லறையில் இடமில்லை என்றார் அப்போதிருந்த சாமியார். கடுமையாகக்கூடச் சொல்லவில்லை, நாளைக்கு மழை என்பது போலச் சொன்னார். எல்லாரும் செய்ததை நானும் செய்தேன். தேயிலைப் பெட்டியில் வைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். போகும்போது யாரோடும் பேசக்கூடாது. வந்து தாயிடம் எந்த இடம் என்று சொல்லக்கூடாது, சொன்னால் அவள் அங்கேயே கிடப்பாள் என்பார்கள். மேலே ஒரு வெள்ளைக் கல் வைக்கவேண்டும். எனக்குக் கடற்கரைக்குப் போகத் தெம்பில்லை. சட்டைப்பையில் தட்டின் ஒரு துண்டு இருந்தது. அவள் கையில் இருந்த பொருள் என்று அதை வைத்தேன்.

அவள் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

உன் மார்ச் கடிதத்தை அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். நீலப்பூ என்ற இடத்தில் நின்றுவிட்டாள். அலமாரியைப் பார்த்தாள். "டொமினிக், அது நம்ம தட்டா?" என்றாள். ஆமாம் என்றேன். கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு மழையில் மேட்டுக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் அவள் அங்கே ஏறியதில்லை. பள்ளத்து முட்செடியில் ஈஸ்டர் வாரம் முழுக்கத் தேடினாள். கையெல்லாம் கீறல். கிடைத்துவிட்டது.

ஆனால் எங்கே வைப்பது? நானும் கூடப் போனேன். இருட்டில் போய் இருட்டில் வந்தவன் நான், அதன் பிறகு அந்தத் துண்டைப் பார்த்துத்தான் நிற்பேன். இப்போது வெள்ளைக் கல்லும் இல்லை, துண்டும் இடத்தில் இல்லை, பெரணியும் வெட்டிக் கிடக்கிறது, எல்லாம் ஒன்றுபோல் தெரிகிறது. "சொல்லுங்க, எது?" என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன் படத்தில் இருக்குமா? இல்லையென்றால் இல்லை என்று எழுதிவிடு. அவள் தாங்குவாள், நான்தான் தாங்கமாட்டேன்.

அப்பா


கால்வே,
12 மே 1982

அப்பா, அம்மா,

இருக்கிறது.

அதை முதலில் எழுதிவிட்டேன், மற்றதை நிதானமாகப் படியுங்கள். வெள்ளைக் கற்களுக்குத்தான் நான் எண் போட்டேன். தட்டு உடைசலைக் குப்பை என்று ஒதுக்கியதால் அதற்கு எண் தரவில்லை, ஒரு வார்த்தைகூட எழுதிவைக்கவில்லை. ஆனால் அதற்குக் கீழே இருந்த தட்டைக்கல்லை வரைந்திருக்கிறேன். வரைந்து, வெறுமையாக விட்டிருக்கிறேன். படம் முழுவதிலும் எண் இல்லாத கல் அது ஒன்றுதான். முள்மரத்துக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நின்றால், இரண்டாவது வரிசை, இடது கைப்பக்கம் கடைசி.

நான் வராமல் எதையும் செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. இன்றைக்கே போகவேண்டும் என்றால் போங்கள். சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். கற்களை மடியில் வைத்துக்கொண்டு வருவேன், மேல்தட்டில் போடமாட்டேன். ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கிறது. அதது அதனதன் இடத்துக்குப் போய்விடும்.

விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். இந்த வருஷம் என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஓரத்தில் கிறுக்கிய துறவிகளைப் பற்றி ஏதாவது எழுதித் தர முடியுமா என்று பார்க்கிறேன். ஃபர்கல் என்ன ஆயிற்று என்று கேட்டான், வீட்டு விஷயம் என்றேன். அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன், கீழே வீட்டுக்காரம்மா விளக்குமாற்றால் கூரையை இடிக்கிறார்.

உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊனா


கில்ஷாலி,
20 ஜூன் 1982

அன்பு மகள் ஊனாவுக்கு,

வழக்கம்போல் தாமதம், ஆனால் இந்தமுறை உண்மையாகவே நேரமில்லை. நாங்கள் சுகம். அப்பா முன்னைப்போல் இருமுவதில்லை, அல்லது நான் கேட்பதில்லை.

நீ கல்லையெல்லாம் வைத்துவிட்டுப் போன மறுநாள் டெலியா வந்தாள். "ஊனா ஏதோ படம் போட்டிருக்காளாமே" என்றாள். நீ விட்டுப்போன பிரதியை மேசையில் விரித்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். "அவர் சாகறப்ப சொன்னார், மரத்துக்கு நேர் கீழேன்னு" என்று ஓர் எண்ணின் மேல் விரலை வைத்தாள். எடுக்கவே இல்லை. டீ ஆறிப்போய் வேறு போட்டேன். அவளுக்கும் உண்டு என்று எனக்குத் தெரியாது, ஊனா. முப்பது வருஷமாக முட்டையும் பாலும் கொடுத்து வாங்கிப் பழகுகிறோம்.

அதன் பிறகு ஒவ்வொருவராக வருகிறார்கள். காரணம் சொல்லமாட்டார்கள். ஒருத்தி கத்தரிக்கோல் இரவல் கேட்டு வந்தாள், அவள் வீட்டில் மூன்று இருக்கின்றன. நேற்று பாரெட்டின் மாமியார்கூட, நீ கிண்டல் பண்ணுவாயே அவள்தான், தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். மருமகன் இடித்தானே, அந்தக் கரைக்குள் அவளுக்கு ஒன்று இருந்ததாம். படத்தில் அது இருக்குமா என்று கேட்டாள். நான் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். இல்லை என்று அப்பாதான் சொன்னார். அவளைக் கையைப் பிடித்து வீடுவரை கொண்டுபோய் விட்டார்.

உன் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. துறவிகளைப் பற்றி எழுது, நல்லது. ஆனால் தோண்டுவதை விட்டுவிட்டேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரியாதே. இங்கே யாரும் உன்னைக் குழி தோண்டும் பெண் என்று இப்போது சொல்வதில்லை.

படத்தைப் பெரிதாக இன்னொன்று வரைந்து அனுப்பு, வயசான கண்களுக்குத் தெரியவேண்டும். வரையும்போது இரண்டாவது வரிசைக் கடைசிக் கல்லுக்கு எண் போட்டுவிடாதே. மூச்சில்லாத பிள்ளைக்குப் பெயர் கிடையாது என்றார்கள். வைக்கவில்லை என்று நானும் சொன்னேன், உன் அப்பாவிடம்கூட. பொய்தான் சொன்னேன். இந்த நவம்பரில் சாமியாரிடம் எழுதிக் கொடுக்கும்போது ஒரு பெயர் கூடும். நீ அந்தக் கல்லின் மேல் ஃபின்டன் என்று எழுது.

உங்கள் இருவரின் அம்மா,
ஹானோரா